அவரைக்கு ஒரு இருட்டு மூலை

இன்னும் மூன்று வாரத்தில் ஆடி பிறந்துவிடும். தோட்டத்தில் குழி எடுக்கும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது, பந்தலுக்குச் சொல்லி வைத்த கம்பு இன்னும் வந்து சேரவில்லை, நான் ராத்திரி பத்து மணிக்குக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு பின்கட்டு வாசலில் இருந்து பழைய மாட்டுக்கொட்டகை வரைக்கும் நின்று நின்று நடந்துகொண்டிருக்கிறேன். வெளிச்சத்தை அளக்கும் செயலி ஒன்று அதில் இருக்கிறது. எட்டு வருஷமாக அதைச் செடிக்கு வெளிச்சம் போதுமா என்று பார்க்கத்தான் வைத்திருந்தேன். இப்போது இருட்டு போதுமா என்று பார்க்கிறேன். அயித்தை திண்ணையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னத்த அப்பு தேடுற, சாவியா?" என்றார். இருட்டைத் தேடுகிறேன் அயித்தை என்று சொன்னேன். அவருக்கு அது விநோதமாகப் படவில்லை. "அந்தா, கொட்டகைக்குப் பின்னாடி இருக்கே" என்று கையைக் காட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

சென்னையில் நான் இருந்தது நான்காம் மாடி. பால்கனி என்று பெயருக்கு ஒன்று உண்டு, அதற்கு எட்டடி தள்ளி அடுத்த கட்டடத்தின் சுவர். சித்திரை மாசத்தில் மட்டும் உச்சி நேரத்தில் அரை மணி நேரம் வெயில் விழும். அங்கே துளசியே பிழைக்கவில்லை. அப்புறம்தான் உள் அறையில் நாலுக்கு நாலு அடி கூடாரம் ஒன்று போட்டு, 240 வாட் எல்இடி விளக்கு தொங்கவிட்டு, தேங்காய் நார்க்கழிவில் மிளகாய், தக்காளி, கீரை என்று வளர்க்க ஆரம்பித்தேன். விளக்குக்கு டைமர், காற்றுக்கு மின்விசிறி, தண்ணீருக்கு வடிகட்டி. தண்டு உறுதியாக வேண்டும் என்றால் இளஞ்செடியைக் காற்று ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குச் சின்ன விசிறி ஒன்று தனியாக. ஒரு நாளைக்கு 16 மணி நேரம் விளக்கு எரிந்தால் நாலு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டு மாசத்துக்கு விளக்குக்கு மட்டும் 230 யூனிட். நம் ஊரில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது அந்த வீட்டில் முதல் மாசம் முடிவதற்குள் தீர்ந்துபோகும். ஆனாலும் நான் அதைச் செலவாக நினைத்ததே இல்லை. ஆபீஸ் வேலை முடிந்து அந்த ஜிப்பைத் திறந்தால் வரும் தக்காளி இலை வாசனைக்காகவே கொடுக்கலாம்.

அந்தக் கூடாரத்தில் எல்லாம் நன்றாகத்தான் வந்தது. ஒன்றைத் தவிர. அயித்தை ஒவ்வொரு முறையும் ஊரில் இருந்து கொடுத்து அனுப்பும் பந்தல் அவரை. கறுப்பு விதை, ஓரத்தில் சுண்ணாம்பால் கோடு இழுத்தது போல வெள்ளையாக ஒரு தழும்பு, சம்படத்தில் அடுப்புச் சாம்பலோடு கலந்து வைத்திருப்பார், கையில் எடுத்தால் விரலெல்லாம் சாம்பல் ஒட்டும். ஊன்றினால் அஞ்சாம் நாள் முளைத்துவிடும். பத்து நாளில் கொடி வீசும். கூடாரத்தின் கம்பி முழுக்கச் சுற்றி, விளக்கின் சங்கிலியில் ஏறி, விசிறிக் கூண்டுக்குள் நுழைந்து, அப்படி ஒரு பச்சை. ஆனால் பூ இல்லை. ஒரு தடவை இல்லை, நாலு தடவை. ஒரு கொடியை ஏழு மாசம் வைத்திருந்தேன், ஒரு மொட்டு கிடையாது. தழைச்சத்து அதிகமாகிவிட்டது என்று குறைத்தேன். மணிச்சத்து கொடுத்தேன். நுனி கிள்ளினேன். கடைசியில், வெளிச்சம் பத்தவில்லை போல என்று டைமரை 16ல் இருந்து 18 மணி நேரமாக மாற்றினேன். அந்தக் கடைசி முடிவு இன்றைக்கும் மனசை உறுத்துகிறது, ஏனென்றால் அந்தச் செடி கேட்டதற்கு நேர் எதிரானதை நல்ல எண்ணத்தோடு செய்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பந்தல்

போன மார்கழியில் ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் வீடு காரைக்குடிப் பக்கத்து எல்லா வீடுகளையும் போலத்தான், முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், நடுவில் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டு கடைசியில் தோட்டம். தோட்டம் என்று சொல்வது பழக்கத்தில்தான். நாற்பது வருஷமாக ஒரு முருங்கை, இரண்டு வேம்பு, இடிந்த கொட்டகை, அவ்வளவுதான். பங்காளிகள் நாலு பேருக்குப் பொதுவான இடம் என்பதால் யாரும் பெரிதாகக் கை வைத்ததில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி மட்டும் அவர் பக்கத்துத் தோட்டத்தில் விடாமல் ஏதாவது போட்டுக்கொண்டே இருப்பார். காலையில் அயித்தை என்னை மதிலோரம் கூப்பிட்டு, "ஆச்சி பந்தலப் பாரு, இந்த வருஷம் என்னமோ ஆகிப்போச்சு" என்றார்.

இருபதடி நீளப் பந்தல். கொட்டகைப் பக்கம் இருந்த பாதியில் இலையே தெரியவில்லை. ஊதாப் பூ, கொத்துக் கொத்தாகக் காம்பு நீட்டி மேல்நோக்கி நின்றது, ஒவ்வொரு காம்பிலும் கீழே பிஞ்சு, நடுவில் பூ, நுனியில் மொட்டு. பனித்துளி இன்னும் காயவில்லை. கருவண்டு பூவுக்குப் பூ தாவி, அது உட்காரும்போது காம்பு வளைந்து தண்ணீர் சொட்டியது. அந்தப் பக்கம் அப்படி என்றால், பின்தெருப் பக்கம் இருந்த மீதிப் பாதியில் ஒன்றுமே இல்லை. கரும்பச்சை இலை, தடித்த கொடி, செழிப்பு என்றால் அப்படி ஒரு செழிப்பு, பூ மட்டும் கிடையாது. ஒரே விதை, ஒரே நாள் ஊன்றியது, ஒரே எரு. ஆச்சி கண்ணேறு பட்டுவிட்டது என்று அந்தப் பக்கத்தில் பழைய செருப்பு ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். நான் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதை எனக்குத் தெரியும். எட்டு வருஷமாக என் கூடாரத்துக்குள் வளர்ந்த பச்சை அது. அதே அடர்த்தி, அதே அகல இலை, அதே ஓயாத கொடி.

அன்றைக்கு ராத்திரி கொல்லைக்குப் போக வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். பின்தெருவில் முன்பு மஞ்சளாக மினுக்கிக்கொண்டிருந்த குழல்விளக்கு போய்ப் புது எல்இடி விளக்கு வந்திருக்கிறது. மதிலைத் தாண்டி வெள்ளை வெளிச்சம் ஆச்சியின் பந்தல் மேல் சாய்ந்து விழுகிறது. பாதிப் பந்தல் வரைதான். அதற்கு மேல் கொட்டகைச் சுவரின் நிழல், கத்தியால் அறுத்தது போல நேர்க்கோடு. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இலை, அந்தப் பக்கம் பூ. மதிலில் கையை ஊன்றிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. குளிரில் அயித்தை போர்வையோடு வந்துவிட்டார். காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதானே. ராத்திரி பூரா வெளக்கெரிஞ்சா அது எப்படித் தூங்கும்? தூங்காம எப்படிப் பூக்கும்?"

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. படுத்துக்கொண்டே தேடிப் படித்தேன். இது புதுச் சங்கதி இல்லை, நூறு வருஷத்துக்கு முந்தியது. அமெரிக்க வேளாண் துறையில் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு பேரிடம் மேரிலாண்ட் மாமத் என்ற ஒரு புகையிலை ரகம் இருந்தது. கோடையில் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும், பூக்காது. அதையே கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் குளிர்காலத்தில் பூத்துவிடும். சூடா, சத்தா, ஈரமா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கோடையிலேயே தொட்டிகளைச் சாயங்காலம் சீக்கிரம் ஓர் இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிக் காலையில் வெளியே எடுத்தார்கள். பூத்தது. 1920ல் அதை எழுதினார்கள். பிறகு 1938ல் ஹாம்னர், பானர் என்ற இருவர் இன்னொன்றையும் காட்டினார்கள்: பகல் குறைவது முக்கியம் இல்லை, இரவு அறுபடாமல் இருப்பதுதான் முக்கியம். நீண்ட இரவின் நடுவில் கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டால் போதும், செடிக்கு அது இரண்டு குட்டி இரவாகிவிடும், பூக்காது. சிவப்பு வெளிச்சம் இதில் அதிகம் வேலை செய்கிறது. என் கூடார விளக்கில் பாதிக்கு மேல் சிவப்பு டையோடுகள்தான்.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், இந்த விஷயம் என் கண்ணில் படாமல் இருந்தது இல்லை. ஓசூர்ப் பக்கம் இரவில் போனால் செவ்வந்தித் தோட்டம் முழுக்கப் பல்பு எரிவதைப் பார்க்கலாம், சீக்கிரம் மொட்டு வைக்காமல் செடி முதலில் உயரட்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். பஸ்ஸில் இருந்து பார்த்து அழகாக இருக்கிறது என்று படம்கூட எடுத்திருக்கிறேன். அவரைக்கும் அதற்கும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை. மிளகாயும் தக்காளியும் பகல் நீளத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது, கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். அவற்றை வளர்த்தே பழகியதால் எல்லாச் செடிக்கும் கொடுப்பதுதான் என் வேலை என்று ஆகிவிட்டது. வெளிச்சம் கொடு, சத்து கொடு, காற்று கொடு. எடுத்துவிட வேண்டியதும் ஒன்று உண்டு என்பது என் திட்டத்தில் எங்கேயுமே இல்லை.

பனியும் இரவும்

ஊரில் யாரைக் கேட்டாலும் பனி விழுந்தால்தான் அவரை பூக்கும் என்பார்கள். புத்தகம் இரவு நீளம் என்கிறது. ஆரம்பத்தில் புத்தகம் சரி, இவர்கள் சொல்வது நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 10 டிகிரி வடக்கே. காரைக்குடியில் ஆனி மாசத்து நீளமான பகலுக்கும் மார்கழியின் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 1 மணி 10 நிமிடம்தான். டெல்லிக்காரர்களுக்குச் சொன்னால் இதெல்லாம் ஒரு வித்தியாசமா என்பார்கள். நமக்கே தெரிவதில்லை, கார்த்திகையில் ஒரு நாள் ஆறு மணிக்கு விளக்குப் போடும்போது "அட, அதுக்குள்ள இருட்டிருச்சே" என்பதோடு சரி. மனிதக் கண்ணுக்குப் பிடிபடாத அந்த மாற்றத்துக்குப் பிடிபடுகிற அடையாளமாகப் பனி இருக்கிறது. இரவு நீளும் நாளும் இலையில் ஈரம் தங்கும் நாளும் ஒன்றாகவே வருகின்றன. ஆடியில் ஊன்று, வாடைக்குக் கொடி ஏறட்டும், பனிக்குப் பூக்கும் என்று அயித்தை சொல்வதில் ஒரு தேதிகூடத் தவறில்லை. அந்த ஒரு மணி பத்து நிமிடத்தை அந்தக் கொடி எப்படி எண்ணுகிறது என்று நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

நாள் பார்க்காத அவரையும் இருக்கிறது. குத்து அவரை எந்தப் பட்டத்திலும் காய்க்கும், பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் போன்ற ரகங்கள் அப்படிப்பட்டவை. தெருவிளக்குப் பிரச்சினையே இல்லை, அதைப் போடேன் என்று நண்பர் ஒருவர் சொன்னார். விவசாயம் பார்த்துப் பிழைப்பவருக்கு அது நல்ல வழி, மறுக்க மாட்டேன். எனக்கு வேண்டியது இந்த விதை. இதைக் கொண்டுவந்தது அப்பத்தா, அவர் வாக்கப்பட்டு வந்தபோது பிறந்த வீட்டில் இருந்து. இதில்தான் பிஞ்சில் துவட்டலும், முற்றியதை உரித்து மொச்சையாக மண்டிக் குழம்புக்கும் போடுவார்கள். கடை அவரைக்காயில் அந்த வாசனை வராது. (மொச்சை வேறு, அவரை வேறு என்று நான் கல்லூரி வரை நினைத்திருந்தேன், இரண்டும் ஒரே இனம்.) அயித்தைக்கு 74 வயது. போன வருஷம் அவர் ஊன்றியது மயில் தின்றுவிட்டது, சம்படத்தில் மிச்சம் இருப்பது முப்பது விதைகூட இருக்காது.

வெயில் என்றால் என்ன என்று

சித்திரையில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் வீட்டுக்குள் வளர்த்துப் பழகியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு அது. கூடாரத்தில் 12 மிளகாய் நாற்று வளர்த்து, காரில் பின் சீட்டில் வைத்து, கண்ணாடியில் துண்டு கட்டி, ஆறு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தேன். இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், வாட்டமே இல்லை. வந்த மறுநாள் காலை ஏழு மணிக்குத் தோட்டத்தில் வைத்தேன், தண்ணீர் ஊற்றினேன், மல்லிகை வாங்கப் பள்ளத்தூர் வரை போய்விட்டு மத்தியானம் திரும்பினால் இலையெல்லாம் வெளிறிக் கிடக்கிறது. வாடல் இல்லை, தண்ணீர்க் குறையும் இல்லை. நடு இலையில் வெள்ளைத் திட்டு, தொட்டால் அப்பளம் போல மொறுமொறுப்பு. பதினொன்று போய்விட்டது. வேப்ப மர நிழலில் தற்செயலாக விட்டிருந்த ஒன்று மட்டும் பிழைத்தது, அது இப்போது காய்க்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிகிறது. கூடாரத்தில் இலை மட்டத்தில் என் விளக்கு கொடுத்தது சுமார் 500 மைக்ரோமோல் (செடிக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). நம் ஊர் உச்சி வெயில் கிட்டத்தட்ட 2000. நாலு மடங்கு. தாத்தா காலத்து நாற்றங்கால் என்றால் ஓலைப் பந்தல் போட்டு, பிறகு ஓலையை ஒன்றொன்றாக உருவி, கடைசி வாரம் தண்ணீரைக் குறைத்து, அப்புறம்தான் வயலுக்கு எடுத்துப் போவார்கள். ஒரு வாரம் பத்து நாள் பழக்க வேண்டும், முதல் நாள் ஒரு மணி நேர இளவெயில், மறுநாள் இரண்டு, இப்படி. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. என் நாற்று வாட்டசாட்டமாக இருந்ததால் தாங்கும் என்று நினைத்துவிட்டேன். நன்றாக வளர்ந்த நாற்றுக்கும் வெயிலில் வளர்ந்த நாற்றுக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குப் பதினோரு செடியில் தெரிந்தது.

இப்போதைய திட்டம் முழுக்க அந்த இரண்டு பாடத்துக்கு நடுவில்தான் நிற்கிறது. வெயில் எவ்வளவு, இருட்டு எவ்வளவு. எங்கள் தோட்டம் வீட்டுக்கு மேற்கே. நல்ல வெயில் விழும் இடம் பின்தெரு மதிலோரம், விடிந்து கொஞ்ச நேரத்தில் இருந்து பொழுது சாயும் வரை. ஆனால் அங்கே ராத்திரி கைப்பேசியின் வெளிச்ச மீட்டர் 14 லக்ஸ் காட்டுகிறது (நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அலகு). முழுநிலவு கால் லக்ஸ்தான் வரும், அதை வைத்து யோசித்துப் பாருங்கள். கொட்டகைக்குப் பின்னால் வடக்கு மூலையில் மீட்டர் பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை. ஆனால் அங்கே காலையில் ஒன்பதரை வரை வீட்டு நிழல், மூன்று மணிக்கு மேல் கொட்டகை நிழல். நடுவில் ஐந்தரை மணி நேர வெயில். நாலு நாள் காகிதத்தில் கிறுக்கினேன். ஐந்தரை மணி நேரம் சராசரி 1500 என்று வைத்தால், மொத்தமாகப் பார்க்கும்போது, கூடாரத்தில் 16 மணி நேரம் 500ல் எரித்து நான் கொடுத்துக்கொண்டிருந்த அளவு வருகிறது. கிட்டத்தட்ட சரிசமம். மாசத்துக்கு 115 யூனிட் எரித்துக் கிடைத்த வெளிச்சம் அந்த நிழல் மூலையில் சும்மா விழுந்துகொண்டிருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மூடாப்பில் இது குறையும், அதுவும் தெரியும். ஆனாலும் அந்த மூலைதான் என்று முடிவு செய்துவிட்டேன். மிளகாய்க்கு மதிலோரம், அதற்கு விளக்கு ஒரு பொருட்டில்லை.

தெருவிளக்கை என்ன செய்யலாம் என்று ஆச்சியும் நானும் பேசினோம். அணைக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாமா என்றேன். ஆச்சி முகம் மாறிவிட்டது. பின்தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, டியூஷன் முடித்துப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் வருகின்றன, மழைக்காலத்தில் கண்ணாடிவிரியன் குறுக்கே போகும். "எனக்கு அவரக்கா இல்லாட்டி சந்தையில வாங்கிக்குவேன், அந்தப் புள்ளைக இருட்டுல வரணுமா?" என்றார். நியாயம். அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன். மதில் மேல் கிடுகுத் தட்டி ஒன்று கட்டுவதாக இருக்கிறோம், நாலடி உயரம், அவர் பந்தலுக்கு நேராக. வெளிச்சம் தெருவில் விழட்டும், பந்தலில் விழ வேண்டாம். ஆடிக் காற்றுக்கு அந்தத் தட்டி நிற்குமா என்பதுதான் சந்தேகம், அம்மியையே பறக்க வைக்கும் காற்று என்று சும்மாவா சொன்னார்கள். அதனால் காற்றடங்கிய பிறகு, புரட்டாசியில் கட்டலாம் என்று ஆச்சி சொல்லிவிட்டார். பூ வைக்கிற காலத்தில்தானே இருட்டு வேண்டும், கொடி ஏறும் வரை வெளிச்சம் விழுந்தால் விழட்டும். அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். கார்னரும் அல்லார்டும் சொன்னதைவிட அதில் ஒரு வார்த்தை குறைவில்லை.

மற்ற வேலைகள் தெரிந்தவைதான். ஒன்றரை அடிக் குழி எட்டு, செம்மண்ணோடு மக்கிய எருவும் வேப்பம் புண்ணாக்கும். கீழே செம்புறாங்கல் சீக்கிரம் தட்டிவிடுகிறது, கடப்பாரை இல்லாமல் ஒரு குழியும் எடுக்க முடியவில்லை, மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் நிற்குமோ என்று பயம், அதனால் குழியைச் சுற்றி மேடு கட்டி ஒரு பக்கம் வடிகால் விடுகிறேன். வளவு முற்றத்துத் தண்ணீர் இப்போது தெருவுக்குப் போகிறது, அதைத் தோட்டத்துப் பக்கம் திருப்ப ஒரு குழாய் போதும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, ஆகவே மழைத் தண்ணீர் சேமிப்பதற்கு அயித்தை பழைய அண்டா இரண்டைத் துலக்கி வைத்திருக்கிறார். கம்பு சீமைக்கருவேலம், அதற்கு இந்தப் பக்கத்தில் என்ன பஞ்சம்.

பூச்சியைப் பற்றித்தான் எனக்குள் இன்னும் பழைய பதற்றம் இருக்கிறது. கூடாரத்தில் ஒரு முறை அசுவினி வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது, ஒரு வாரத்தில் நுனியெல்லாம் கறுப்பு, மூடிய இடம் என்பதால் அதைத் தின்ன ஒரு ஜீவனும் கிடையாது. கூடாரத்தைக் காலி செய்து கழுவி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. ஆச்சியின் பந்தலிலும் மார்கழியில் அசுவினி இருந்தது, மொட்டுக் காம்பு ஒன்றில் அப்பியிருந்தது, எறும்பு வரிசை கட்டி ஏறியது. எனக்குக் கை பரபரத்தது. ஆச்சி அடுப்புச் சாம்பலைக் காலைப் பனியிலேயே முறத்தில் எடுத்து இலை மேல் தூவினார், ஈரத்தில் சாம்பல் ஒட்டிக்கொண்டது. அதையும் எல்லாக் கொத்திலும் தூவவில்லை. ஒரு காம்பை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். அருகில் போய்ப் பார்க்கச் சொன்னார். அசுவினிக் கும்பலுக்கு நடுவில் முதலை போல ஒரு குட்டிப் புழு, சாம்பல் உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி, பொறிவண்டின் குஞ்சு, ஒன்றைக் கவ்விக்கொண்டு நின்றது. "அது திங்கட்டும்" என்றார்.

மயிலுக்குத்தான் வழி தெரியவில்லை. அடிக்கவோ பிடிக்கவோ கூடாது, 1972 சட்டத்தில் உச்ச பாதுகாப்பு உள்ள பறவை, அப்படிச் செய்ய எனக்கு மனசும் இல்லை. விதை முளைத்து இரண்டு இலை விட்டதும் கொத்திப் போடும் அந்த முதல் பதினைந்து நாள்தான் ஆபத்து. கொடி ஏறிவிட்டால் அதை ஒன்றும் செய்யாது. குழிக்கு ஒரு பழைய மூங்கில் கூடை கவிழ்த்து வைக்கச் சொன்னார் அயித்தை, மேலே கல் வைத்து. பரணில் கல்யாணக் கூடைகள் நிறையக் கிடக்கின்றன. பங்காளிகளிடம் போனில் கேட்டேன், மூன்று பேரும் எடுத்துக்கொள் என்றார்கள், ஒருவர் மட்டும் காய் வந்தால் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

நேற்று சாயங்காலம் அயித்தை சம்படத்தைக் கவிழ்த்து எண்ணினார். 27 விதை. மூன்றில் ஓட்டை, வண்டு துளைத்தது. மீதி 24. குழிக்கு மூன்று என்று எட்டுக் குழிக்குச் சரியாக வந்தது, நான் சந்தோஷப்பட்டேன். அவர் ஆறை எடுத்துத் திரும்பச் சாம்பலுக்குள் போட்டு மூடியை அழுத்தினார். இந்த வருஷம் சரியாக வராவிட்டால் அடுத்த வருஷத்துக்கு வேண்டும் என்று. அப்படிப் பார்த்தால் ஆறு குழிதான். இரண்டு குழி மிச்சம், பரவாயில்லை, அதில் பூசணி போடலாம். இன்றைக்கு மறுபடி ஒரு முறை மீட்டரோடு வடக்கு மூலைக்குப் போனேன். கொட்டகைச் சுவரில் ஒரு செங்கல் விழுந்த பொந்து வழியாக ஒரு கோடு வெளிச்சம் மூன்றாவது குழி மேல் விழுகிறது. நாளைக்குக் காலையில் சிமெண்ட் குழைத்து அதை அடைக்க வேண்டும்.